ஏழும் எட்டும்: சிறு கடுதாசிகளின் வரலாறு

வந்தாறுமூலை என்னும் ஊரின் பெயரைத் தமிழுலகம் இரண்டு காரணங்களால் அறிந்திருக்கிறது. மட்டக்களப்பு நகரிலிருந்து வடக்கே திருகோணமலை வீதியில், செங்கலடியைத் தாண்டியதும் வருகின்ற இவ்வூரில் 1981இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986இல் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. 1990 செப்டெம்பர் 5ஆம் திகதி, அந்த வளாகத்தில் அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்த மக்களிலிருந்து 158 பேர் இராணுவத்தினரால் பிடித்துச் செல்லப்பட்டனர். அவர்கள் திரும்பி வரவில்லை. இவ்விரண்டைப் பற்றியும் பலர் எழுதியுள்ளனர். இனியும் எழுத வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது வேறொரு செய்தி. அவ்வூரும் அதைச் சூழ்ந்த வாவிக்கரை ஊர்களும் தலைமுறை தலைமுறையாக ஆடிவந்த ஒரு கடுதாசி விளையாட்டைப் பற்றியும், அதில் எண்ணிக்கைக்கு வராத சிறு கடுதாசிகளைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன். பொழுதுபோக்கைப் பற்றி எழுதுவதற்கு இத்தனை பீடிகை எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். சிறு கடுதாசியை எப்போது இறக்குவது, எப்போது இறக்காமல் விடுவது என்ற கேள்வி, அண்மைக் காலத்தில் இந்திய நீதிமன்றங்கள் வரைக்கும் சென்று, குடும்பங்களின் வாழ்வோடும் சாவோடும் தொடர்புற்ற கேள்வியாகிவிட்டது. ஆகவே அதன் வேரிலிருந்து தொடங்குவது நல்லது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். தமிழ்நாட்டில் சீட்டாட்டம் என்று சொல்வதை ஈழத்தில் கடுதாசி விளையாட்டு என்போம். எங்கள் பக்கத்தில் 'சீட்டு' என்றால் மாதாமாதம் பணம் கட்டி எடுக்கும் சீட்டு என்றே பொருள்படும். கடுதாசி என்ற சொல் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தது. ஆட்டமோ அவர்களுக்குப் பின் வந்தவர்களிடமிருந்து வந்திருக்க வேண்டும்.

முந்நூற்று நான்கு

ஈழத் தமிழரின் கடுதாசி விளையாட்டு என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் அது 304தான். இருவர் எதிரெதிரே அமர்ந்து கூட்டாளிகளாக, நால்வர் ஆடுவது. 52 கடுதாசிகளில் 2 முதல் 6 வரையுள்ளவற்றை நீக்கிவிட்டு, எஞ்சிய 32ஐ மட்டும் எடுத்துக்கொள்வர். இதில் ராசாவும் ராணியும் பெரியவர்கள் அல்லர். ஜாக் 30 புள்ளி, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராசாவுக்கு வெறும் 3, ராணிக்கு 2. எட்டுக்கும் ஏழுக்கும் புள்ளியே இல்லை. ஓர் இனத்தின் கூட்டுத்தொகை 76. நான்கு இனங்களுக்கும் சேர்த்து 304. ஆட்டத்தின் பெயர் அவ்வாறு வந்தது.

ஆளுக்கு நான்கு கடுதாசிகள் போட்டதும் கேள்வி தொடங்கும். 'இத்தனை புள்ளி எடுத்துக் காட்டுவோம்' என்று கூடுதலாகக் கேட்பவர், தாம் விரும்பிய இனத்தில் ஒரு கடுதாசியைத் துரும்பாகக் கவிழ்த்து வைப்பார். அதன் பிறகே மற்ற நான்கும் போடப்படும். ஆக, கையில் பாதி மட்டும் தெரிந்த நிலையில் வாக்குக் கொடுக்க வேண்டும். துரும்பு எந்த இனம் என்பது கேட்டவருக்கு மட்டுமே தெரியும். இறக்கப்பட்ட இனம் கையில் இல்லாதவர் வேறொரு கடுதாசியைக் கவிழ்த்துப் போடலாம். அது துரும்பாக இருந்தால் இரகசியம் வெளியாகும்.

இந்த ஆட்டத்தில் ஏழும் எட்டும் எதற்கு? இவற்றின் பயன் மூன்று. எதிராளி வெல்லப் போகின்ற சுற்றில் அவருக்கு ஒரு புள்ளியும் கொடுக்காமல் தப்புவதற்கு இவை உதவும். அங்கே பத்தைப் போடுகிறவன் 10 புள்ளியைத் தானமாகக் கொடுக்கிறான். ஓர் இனத்தில் இருக்கின்ற ஒற்றை ஏழை முன்கூட்டியே கழித்துவிட்டால், அடுத்த முறை அவ்வினம் வரும்போது துரும்பால் வெட்டுவதற்கு வழி திறக்கும். மூன்றாவது பயனே பெரிது. துரும்பினத்தின் ஏழு, தான் ஒரு புள்ளியும் பெறாததாயினும், வேற்றினத்து ஜாக்கை வெட்டி, அதன் 30 புள்ளியையும் கூடவே விழுந்த மற்றவற்றையும் வாரிக்கொண்டு வந்துவிடும்.

ஆனால் காலம் தவறினால் அதே ஏழு செல்லாக்காசு. துரும்புக்காரர் தம் பெரிய துரும்புகளை வரிசையாக இறக்கத் தொடங்கிவிட்டால், அந்த ஏழு வெட்டுவதற்கு வாய்ப்பின்றி அவர் காலடியில் விழும். அவசரப்பட்டு வெட்டினால், பின்னால் வருபவர் எட்டுத் துரும்பால் அதை மேல்வெட்டு வெட்டுவார். எத்தனை துரும்பு வெளியே வந்துவிட்டது, எவர் கையில் எந்த இனம் தீர்ந்துவிட்டது, கூட்டாளி எதைக் கழித்தார் என்பவற்றை மனத்தில் குறித்துக்கொண்டிருப்பவரே அந்த ஏழின் நேரத்தை அறிவார். 160க்குக் கேட்ட கட்சியைக் கவிழ்க்க எதிர்க்கட்சிக்கு 145 புள்ளி வேண்டும். 140இல் நிற்கும்போது ஓர் ஏழு கைகொடுத்த கதை 304 ஆடிய எல்லாருக்கும் ஒன்றாவது இருக்கும்.

ஒல்லாந்தர் விட்டுச்சென்ற சொற்கள்

ஜாக் முதலிடத்திலும் ஒன்பது இரண்டாமிடத்திலும் நிற்கின்ற இந்த விசித்திரமான வரிசை எங்கிருந்து வந்தது? ஐரோப்பாவில் ஜாஸ் என்ற பெயரில் ஓர் ஆட்டக் குடும்பம் உண்டு. நெதர்லாந்தில் இன்றும் ஆடப்படும் கிளாவர்யாஸ் அவ்வகையைச் சேர்ந்தது. அதிலும் 32 கடுதாசிகள்தான். துரும்பினத்தில் ஜாக்கே தலைமை, அடுத்தது ஒன்பது. ஏஸுக்கு 11, பத்துக்கு 10. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. கேரளத்தின் 28, வங்கத்தின் 29, நமது 304 ஆகிய யாவும் இக்குடும்பத்தின் கிளைகள் என்றே கடுதாசி வரலாற்றை ஆராய்ந்தோர் கருதுகின்றனர்.

ஒல்லாந்தர் இலங்கையில் முதன்முதல் கால்வைத்த இடம் மட்டக்களப்புக் கரையே. 1602இல் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கனின் கப்பல்கள் இங்கேதான் வந்தன. போர்த்துக்கேயர் 1628இல் புளியந்தீவில் கட்டிய கோட்டையை, 1638 மே 18ஆம் திகதி, கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் துணையுடன் அட்மிரல் வெஸ்டர்வோல்ட் கைப்பற்றினார். இலங்கையில் ஒல்லாந்தர் வசமான முதற் கோட்டை அது. அன்று தொடங்கிய அவர்களுடைய கரையோர ஆதிக்கம் 1796இல் பிரித்தானியரிடம் கைமாறியது.

போனவர்கள் சொற்களை விட்டுச்சென்றனர். அரசாங்கக் கந்தோர் என்கிறோமே, அந்தக் கந்தோர் ஒல்லாந்தர் சொல். கடுதாசி மேசையிலும் அவ்வாறே. ஒல்லாந்த மொழியில் கிளாவர் என்றால் குளோவர் என்னும் மூவிலைச் செடி; நாம் கலாவரை என்கிறோம், சிங்களவர் கலாபர என்கின்றனர். அவர்களது ஸ்கொப்பன் நமக்கு இஸ்கோப்பன், சிங்களவர்க்கு இஸ்கோப்ப. மற்ற இரு இனங்களுக்கும் சிங்களத்தில் வழங்கும் ருயித, ஹாரத என்ற பெயர்களும் ஒல்லாந்தச் சொற்களின் திரிபுகளே. துரும்பு என்ற சொல்லைச் சிங்களவரும் தமிழரும் பொதுவாகவே வைத்திருக்கிறோம். சிங்களவரின் ஓமி விளையாட்டும் இதே 32 கடுதாசிகளால் ஆடப்படுவது. அரசியலில் ஒரு மேசையில் அமர முடியாதுபோன இரண்டு இனங்கள், கடுதாசி மேசையில் ஒரே சொல்லகராதியைப் பயன்படுத்துகின்றன என்பது குறிப்பிடத்தக்கது.

போக்கர் மேசையில் சிறு கடுதாசி

இனி, இன்று உலகெங்கும் பணம் புரள்கின்ற போக்கருக்கு வருவோம். சிறு கடுதாசியின் வரலாறு அங்கே இன்னும் சுவையானது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூ ஒர்லியன்ஸ் நகரிலும் மிசிசிப்பி ஆற்றின் நீராவிக் கப்பல்களிலும் பரவிய தொடக்ககாலப் போக்கரில் சிறு கடுதாசிகளே இருக்கவில்லை. பத்து முதல் ஏஸ் வரையுள்ள 20 கடுதாசிகளை நால்வர் ஐந்தைந்தாகப் பங்கிட்டு ஆடினர். ஆடுவோர் தொகை பெருகியபோதுதான் 52 கடுதாசிகளும் மேசைக்கு வந்தன. அப்போதும் 5, 6, 7 என்று தொடர்ந்து வருவதற்கு மதிப்பில்லை. ஐந்தும் தொடராக அமைவது வெற்றிக்குரிய ஒரு கையாக ஏற்கப்பட்டது அமெரிக்க உள்நாட்டுப் போரை ஒட்டிய காலத்தில்தான். ஆகவே, தொடர்ச்சியான சிறு கடுதாசிகளுக்குக் கிடைத்த மதிப்பு, விதி மாற்றத்தால் பின்னாளில் வந்த மதிப்பு.

இன்று பெரிதும் ஆடப்படுவது ரெக்சாஸ் ஹோல்டெம் என்ற வகை. ஆளுக்கு இரண்டு கடுதாசிகள் மறைவாகவும், எல்லாருக்கும் பொதுவாக ஐந்து மேசையிலும் வரும். இதன் பிறப்பிடம் ரெக்சாஸின் ரொப்ஸ்டவுன் என்று அம்மாநிலச் சட்டமன்றம் 2007இல் அங்கீகரித்தது. அதே மாநிலத்தவரான டொயில் பிரன்சன், 1976, 1977 ஆகிய இரு ஆண்டுகளிலும் உலகப் போக்கர் தொடரின் முதன்மைப் பட்டத்தை வென்றவர். 1970களின் இறுதியில் அவர் வெளியிட்ட 'சூப்பர் சிஸ்டம்' என்ற நூல், தொழில்முறை ஆட்டக்காரரின் இரகசியங்களை ஊரறியச் செய்தது. ஒரே இனத்தைச் சேர்ந்த, அடுத்தடுத்து வரும் சிறு கடுதாசிகளைப் பிடித்து ஆடுவதில் தமக்குள்ள விருப்பத்தை அதில் அவர் மறைக்கவில்லை. அவர் 2023இல் காலமானார்.

பிரன்சனின் கணக்கு விளங்கக்கூடியதே. கலாவரை ஆறும் ஏழும் கையில் உள்ளன என்று வைத்துக்கொள்வோம். மேசையில் முதல் மூன்று பொதுக் கடுதாசிகள் விழும்போது, இரட்டைச் சோடியோ அதற்கு மேலோ அமைவது 100க்கு ஐந்து அல்லது ஆறு முறை மட்டுமே. தொடர் முழுமையாக அமைவது 1.3 வீதம், ஐந்தும் ஒரே இனமாக அமைவது 0.84 வீதம். இன்னுமொரு கடுதாசி வந்தால் ஒரே இனமாகிவிடும் என்ற நம்பிக்கை நிலை ஏறக்குறைய 11 வீதம். பெரும்பாலான தடவைகளில் ஒன்றும் அமையாது. போட்டதை விட்டுவிட்டு எழ வேண்டும். அமைகின்ற சில தடவைகளில், பெரிய சோடியை வைத்திருப்பவர் நம்மைச் சந்தேகியாமல் தம் முன்னுள்ள பணம் முழுவதையும் இழப்பார். அந்தச் சில தடவைகளின் வரவு, பல தடவைகளின் சிறு செலவை ஈடுசெய்ய வேண்டும். கணக்கு இவ்வளவுதான்.

இதிலிருந்தே எப்போது ஆடுவது என்பதற்கான விதிகள் பிறக்கின்றன. நுழைவு விலை மலிவாக இருக்க வேண்டும். நம்மிடமும் எதிராளியிடமும் ஏராளமாகப் பணம் இருக்க வேண்டும். இல்லையேல் வென்றாலும் ஈடாகாது. மற்றவர்கள் செய்வதைப் பார்த்த பின் முடிவெடுக்கக்கூடிய கடைசி இடத்தில் நாம் அமர்ந்திருக்க வேண்டும். ஏற்கெனவே சிலர் ஆட்டத்தில் இருப்பது நல்லது. யாரேனும் தொகையைப் பெரிதாக உயர்த்தினால் கையைக் கவிழ்த்துவிட வேண்டும். அமைந்த பிறகும் கவனம் தேவை. ஆறும் ஏழும் வைத்திருப்பவனுக்கு மேசையில் 8, 9, 10 விழுந்தால் தொடர் கிடைத்துவிட்டது என்று மகிழ்ச்சி வரும். அது தொடரின் வால். ஜாக்கும் ராணியும் வைத்திருப்பவனிடம் அதன் தலை இருக்கிறது. இருப்பதையெல்லாம் முதலிலேயே வைத்து இரண்டு ஏஸ்களோடு மோதினால், இந்த ஆறும் ஏழும் வெல்வது நான்கில் ஒரு தடவைக்கும் குறைவு.

பிரன்சன் பட்டம் வென்ற இரண்டு ஆண்டுகளிலும் அவருடைய கடைசிக் கை பத்தும் இரண்டும். தொடரும் இல்லை, பெருமையும் இல்லை. அதிர்ஷ்டமும் மேசையில் ஓர் ஆளாக அமர்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

நீதிமன்றத்தில் ஒரு கேள்வி

சூதா, திறமையா? இந்தியச் சட்டம் இந்தக் கேள்வியை நெடுங்காலமாகக் கேட்டு வந்துள்ளது. 1967இல் ஆந்திரப் பிரதேச அரசுக்கும் சத்தியநாராயணா என்பவருக்கும் இடையிலான வழக்கில், ரம்மி பெரும்பாலும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. விழுந்த கடுதாசிகளை நினைவில் வைப்பதும், எதை வைத்திருப்பது எதைக் கழிப்பது என்று தீர்மானிப்பதும் திறமை என்பது அதன் நியாயம். நம்மூர் 304காரர் எவரும் இதை மறுக்கமாட்டார்.

அந்தத் தீர்ப்பு நண்பர்கள் கூடும் ஒரு மன்றத்து மேசையைப் பற்றியது. அரை நூற்றாண்டு கழித்து மேசை கைத்தொலைபேசிக்குள் வந்துவிட்டது. தமிழ்நாட்டில் இணைய ரம்மியில் பணம் இழந்தோர் தற்கொலை செய்துகொண்ட செய்திகள் அடுத்தடுத்து வந்தபோது, அரசு 2022 ஜூனில் ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் குழு அமைத்தது. தொடர்ந்து வந்த தடைச் சட்டத்துக்கு 2023 ஏப்ரலில் ஆளுநரின் ஒப்புதல் கிடைத்தது. அதே ஆண்டு நவம்பர் 9ஆம் திகதி, சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றும், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்களாதலால் அவற்றுக்கு அது பொருந்தாது என்றும் தீர்ப்பளித்தது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற பேதத்தையே ஒதுக்கிவைத்துவிட்டு, பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது.

இதில் எவர் பக்கம் நியாயம்? திறமை உண்டு என்று சொன்ன நீதிபதிகள் சொன்னது உண்மை. மேலே கூறிய விதிகளை அறிந்தவனுக்கும் அறியாதவனுக்கும் நாளடைவில் பெருத்த வேறுபாடு இருக்கும். ஆயினும் அந்த விதிகளை மறுபடி ஒருமுறை வாசித்துப் பாருங்கள். மலிவான விலை, நிறைந்த கைப்பணம், பொறுமை, எழுந்து போகும் சுதந்திரம். இவையெல்லாம் இழப்பைத் தாங்கக்கூடியவனுக்கு மட்டுமே வாய்ப்பவை. ஆறும் ஏழும் அவனுக்கே பயன்படும். அதே சிறு கடுதாசிகள் யாருக்கு மிகவும் அழகாகத் தெரிகின்றன? கடன்பட்டு, கையில் எஞ்சியதை வைத்து, விட்டதை ஒரே அடியில் பிடித்துவிட வேண்டும் என்று நள்ளிரவில் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு. எவனுக்கு அவற்றை ஆட உரிமையே இல்லையோ அவனைத்தான் அவை கூப்பிடுகின்றன. மேலும், பணம் வைத்து ஆடும் ஒவ்வொரு கையிலும் ஒரு பங்கை நிறுவனம் எடுத்துக்கொள்கிறது. நால்வரும் சமமான திறமைசாலிகளாயின், நால்வரும் தோற்பார்கள்.

இந்த உண்மையை வாவியின் தென்கோடி மக்கள் அறிந்தே வைத்திருக்கின்றனர். கல்முனைக்கு அருகே பாண்டிருப்பில் உள்ள திரௌபதை அம்மன் கோயிலில் ஆண்டுதோறும் மகாபாரதக் கதையைத் தழுவிய 18 நாட் சடங்கு நிகழ்ந்து தீமிதிப்புடன் நிறைவுறுகிறது. அந்தக் கதையின் வனவாசமும் சபதமும் ஒரு சூதாட்ட மேசையிலிருந்தே தொடங்குகின்றன. தருமன் முதலில் பணயம் வைத்தது அணிகலன்களையும் செல்வத்தையும். அப்போது எழுந்திருக்கலாம். தம்பியரை வைத்ததும், தன்னை வைத்ததும், திரௌபதையை வைத்ததும் எல்லாம் தோற்ற பின்னர்தான். தருமனுக்குத் தருமசாத்திரம் தெரியாமலில்லை. தோற்றவன் மேசையைவிட்டு எழுவது எத்தனை கடினம் என்பதையே வியாசர் காட்டினார்.

304 மேசையில் இந்த ஆபத்து குறைவு. பெரும்பாலும் அது காசுக்கு ஆடப்படுவதில்லை; தோற்றவருக்குக் கிடைப்பது கேலியும், கூட்டாளியின் ஏச்சும். 'அந்த ஏழை ஏனப்பா அப்போது போட்டாய்?' என்ற விசாரணை தேத்தண்ணி ஆறும்வரை நடக்கும். ஆட்டத்தின் பள்ளிக்கூடம் அந்த விசாரணைதான். கூட்டாளி இல்லாத கைத்தொலைபேசியில் அது கிடைப்பதில்லை. போரும் இடப்பெயர்வும் மக்களை ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் கொண்டுபோன பின்னும், பழைய மாணவர் சங்கங்கள் 304 சுற்றுப்போட்டிகளை நடத்துகின்றன. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குக் கலாவரை என்றால் என்னவென்று தெரியாமல் இருக்கலாம். பெரியவர்கள் அருகில் அமர்த்திக் கற்றுக்கொடுத்தால், ஒரு மணி நேரத்தில் புள்ளிகள் பிடிபட்டுவிடும். ஏழைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பது எப்படி என்பதற்கு மட்டும் சில ஆண்டுகள் வேண்டும். அதைக் காசில்லாத மேசையில் கற்றுக்கொள்வது மலிவு.